அண்ணன்மாருக்காகப் பேச்சை அடக்கியவள்

கேள்வி: டென்மார்க் எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சனின் ‘காட்டு அன்னங்கள்’ கதையை என் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். அண்ணன்மார் பதினொருவருக்காக வாய் திறவாமல் துன்பப்படும் எலிசாவின் பக்தியும் பொறுமையும், பெண் என்றால் எதையும் பேசாமல் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் போதிப்பதாக ஆகிவிடாதா?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: தங்கள் தயக்கம் நியாயமானது. ஆயினும் 1838-ஆம் ஆண்டு வெளிவந்த இக்கதையை என்னால் அவ்வாறு வாசிக்க முடியவில்லை. சிற்றன்னையின் சூனியத்தால் அண்ணன்மார் பகலில் அன்னங்களாகவும், பொழுது சாய்ந்தபின் மனிதர்களாகவும் வாழ்கிறார்கள். தொட்டால் உடம்பெல்லாம் காந்துகிற காஞ்சொறி போன்ற செடிகளைப் பறித்து, வெறுங்காலால் மிதித்து நாரெடுத்து, நீண்ட கை வைத்த பதினொரு சட்டைகளை நெய்து போர்த்தினால் அவர்கள் மீள்வார்கள் என்பதும், வேலை முடிவதற்குள் அவள் ஒரு சொல் பேசினாலும் அது அண்ணன்மாரின் நெஞ்சில் கத்தியாய்ப் பாயும் என்பதும் எலிசாவுக்குக் கனவில் தெரியவருகின்றன. அவளைப் பேசாதே என்று அண்ணன்மார் யாரும் கேட்கவில்லை. திடீரென்று அவள் ஊமையாகிவிட்டதைக் கண்டு, இதுவும் சிற்றன்னையின் வேலையோ என்று முதலில் அஞ்சுகிறார்கள்; கொப்புளம் கண்ட கைகளைப் பார்த்த பிறகே இது யாருக்கான பாடு என்று அவர்களுக்குப் புரிகிறது. கடைசி அண்ணன் அழுகிறான். அவனுடைய கண்ணீர் விழுந்த இடங்களில் மட்டும் கொப்புளங்கள் மறைகின்றன. இதற்கு முன்பே, அவளை வலையில் கிடத்திக் கடல் கடந்து தூக்கிச் சென்றபோது, முகத்தில் வெயில் படாமல் தன் சிறகால் நிழல் செய்தவனும் அவன்தான். ஆகவே இக்கதையில் காவல் என்பது இரு பக்கமும் உள்ளது.

பக்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவள் குளிக்கும் நீரில் சிற்றன்னை விட்ட தேரைகள் அவள் மேல் பட்டதும் சிவந்த மலர்களாகிவிடும் காட்சியைப் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது சிறைக் காட்சி. அவளை மணந்த அரசனிடம் அவள் சூனியக்காரி என்று ஓதியவர் பேராயர். நார் தீர்ந்துபோய், அவள் நள்ளிரவில் கல்லறைத் தோட்டத்துக்குச் செடி பறிக்கப் போனதை அவர் பார்த்துவிடுகிறார். தீயிட்டுக் கொல்லத் தீர்ப்பாகிறது. கடைசி இரவில் அதே பேராயர் அவளுடன் இருந்து பிரார்த்திக்க வருகிறார்; கடவுளை ஒருபோதும் மறவாத அந்தப் பெண் தலையை அசைத்து, போய்விடுமாறு சைகையால் வேண்டிவிட்டு, நெய்வதைத் தொடர்கிறாள். அவளுடைய பக்தி யாருக்கும் அடங்கிப் போவதாக இருந்திருந்தால் இந்தக் காட்சிக்கே இடமில்லை. அன்னங்களின் மேல் சட்டைகளை வீசிப் போர்த்தியதும் அவள் பேசும் முதல் பேச்சு, இனித் தான் பேசலாம், தான் குற்றமற்றவள் என்பதுதான். தங்கள் மகளிடம் அந்த இடத்தைச் சற்று நிறுத்தி வாசியுங்கள்.

கேள்வி: இத்தனை பாடுபட்டும் கடைசி அண்ணனுக்கு ஒரு கைக்குப் பதிலாகச் சிறகே மிஞ்சிவிடுவது ஏன்?
- ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: அந்தச் சட்டையின் ஒரு கையை நெய்து முடிக்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. கொலைக்களத்துக்குப் போகும் வண்டியிலும் அவள் விரல்கள் நிற்கவில்லை. முடிந்த பத்துச் சட்டைகள் காலடியில் கிடக்க, பதினொன்றாவதை நெய்துகொண்டே போகிறாள். கூட்டம் அவற்றைப் பிடுங்கிக் கிழிக்கப் பாய்ந்தபோது அன்னங்கள் வண்டியைச் சூழ்ந்து காக்கின்றன. ஜெர்மானியக் கதைத் தொகுப்பாளர்களான கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்ட ‘ஆறு அன்னங்கள்’ கதையிலும் கடைசி அண்ணனின் சட்டைக்கு இடது கை இல்லாமல் போகிறது; எனவே இது ஆண்டர்சனின் புதுக் கற்பனை அன்று. ஆனால் அந்தக் கதையில் சட்டை தைப்பது பூக்களால். எரிச்சலூட்டும் செடி அங்கே இல்லை. ஆண்டர்சன் தங்கையின் வலியைக் கூட்டினார். அண்ணனின் குறையை நீக்காமலே விட்டார். ஓர் இளம்பெண்ணின் இரண்டு கைகளால் எவ்வளவு முடியுமோ அவ்வளவையே எழுதியதால், எனக்கு அவர் மீது மதிப்பு கூடுகிறது.