9.30 முதல் 11.30 வரை: கொழும்பின் பிளே குரூப்கள் பற்றிய கேள்வி பதில்

ஒன்றரை வயது முதல் மூன்று வயது வரையான குழந்தைகள், தாயோ அம்மம்மாவோ பக்கத்தில் இருக்க, ஒன்றாக விளையாடும் குழுக்கள் பற்றி வந்த கேள்விகள் இவை. முன்பள்ளிக் கேள்விகளை ஒதுக்கிவிட்டேன். அது மூன்று வயதுக்குப் பிறகான விஷயம். வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தின் கீழ்த்தளத்தில் நாங்கள் நடத்தும் குழுவில் கண்டதை வைத்தே பெரும்பாலும் பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, எங்கள் ஒழுங்கைக்குப் பக்கத்திலுள்ள குழு 9.30க்குத் திறந்து 11.30க்கு மூடிவிடுகிறது. அதுவும் கிழமைக்கு மூன்று நாள்தான். பின்னேரம் வரை வைத்திருந்தால் என்ன? (வெள்ளவத்தை, 20 மாதப் பெண் பிள்ளையின் தாய்)

மூடும் நேரத்தைப் பிள்ளையின் தூக்கந்தான் தீர்மானிக்கிறது, தங்கச்சி. ஒன்று முதல் இரண்டு வயது வரையான பிள்ளைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து நாளுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டி. நம் வீடுகளில் அந்தப் பகல் தூக்கம் மதியத்தை ஒட்டி வரும். அதற்கு முன் மேல் கழுவி, சோறு ஊட்டியாக வேண்டும்.

திறக்கும் நேரம் தாயின் கணக்கு. பாடசாலை 7.30க்குத் தொடங்குகிறது. மூத்ததை வேனில் ஏற்றிவிட்டு, உலையை வைத்து, சின்னதற்கு ஊட்டி முடிக்க ஒன்பது மணியாகிவிடும். 1.30க்குப் பாடசாலை விட்டால் மூத்தது பசியோடு வந்து நிற்கும். எட்டரைக்குத் திறக்கும் குழுக்களில் முதல் ஒரு மணி நேரம் மின்விசிறி மட்டுமே சுற்றிக்கொண்டிருக்கும்.

அந்த இரண்டு மணி நேரமும் எப்படிப் போகிறது என்று பாருங்கள். வந்ததும் பிள்ளை தாயின் சட்டையை விடாது. கால் மணி நேரம் கழித்துப் பாயின் ஓரத்துக்கு நகரும். பிளாஸ்டிக் பேணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும். அடுத்த பிள்ளை வந்து தட்டிவிடும். முதலில் அழுகை, இரண்டாம் முறை சிரிப்பு. 10.30க்குக் கை கழுவி வாழைப்பழம். பிறகு பாட்டு, அதன்பின் எல்லாவற்றையும் கூடைக்குள் போடும் வேலை, அதையே அவர்கள் பெரிய விளையாட்டாகச் செய்வார்கள். 11.15ஐத் தாண்டினால் கடிக்கத் தொடங்குவார்கள். உண்மையாகவே கடிப்பார்கள். மூன்றாவது மணி நேரம் கேட்பவர்கள் அந்த நேரத்தில் ஒருமுறை பாயில் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும்.

நான் காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போனால் மாலை ஆறுக்குத்தான் திரும்புகிறேன். இந்தக் குழுக்களெல்லாம் வீட்டிலிருக்கும் தாய்மாருக்கு மட்டுமா? (கொட்டாஞ்சேனை)

கோபம் நியாயமானது. ஆனால் நீங்கள் தேடுவது பகல்நேரப் பராமரிப்பு நிலையம். அங்கே பிள்ளையை விட்டுவிட்டுப் போகலாம். அதற்குப் பயிற்சி பெற்ற ஆட்கள், படுக்கை, சமையல், பொறுப்பேற்க ஒருவர் எல்லாம் வேண்டும். தாய்மார் முறைவைத்துக் கவனிக்கும் குழுவிடம் அதை எதிர்பார்த்தால் இரண்டும் கெட்டுவிடும்.

உங்களுக்கு ஏற்றது சனிக்கிழமைக் காலைக் குழு. கொட்டாஞ்சேனையில் ஞாயிறு காலை தேவாலயத்துக்குப் போய்விடும், அதனால் சனியே வசதி. மண்டபங்களை டியூஷன் வகுப்புகள் பிடித்துக்கொள்வதற்கு முன் 8.30க்குத் தொடங்கிவிடுங்கள். வேலைநாட்களில் பிள்ளையைப் பார்க்கும் அப்பம்மாவோ சித்தியோ இருந்தால் அவர் அழைத்து வரலாம். எங்கள் குழுவில் அம்மம்மாமார் தாய்மாருக்குச் சமமாக இருக்கிறார்கள், பாட்டும் அவர்களுக்குத்தான் அதிகம் தெரியும்.

எந்தெந்த நாட்களில் மூடலாம்? எங்கள் குழுவில் நினைத்தபடி மூடுகிறார்கள். (தெஹிவளை)

போயா தினம், பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, வெசாக், பெருநாட்கள், நத்தார்: இவற்றில் சண்டை இல்லை. பாடசாலை விடுமுறையில் மூடுவதா என்பதை வருடத் தொடக்கத்திலேயே பேசி முடிவெடுங்கள். மூத்த பிள்ளைகளும் வீட்டில் நிற்பதால் பலர் வரமாட்டார்கள். ஆடிவேல் ரதம் செட்டியார் தெருப் பக்கத்திலிருந்து பம்பலப்பிட்டிக்கு வரும் நாளில் காலி வீதியில் குழந்தையோடு பஸ்ஸில் நிற்க யாரையும் வற்புறுத்தாதீர்கள். மழைக்கு மூட வேண்டியதில்லை, வீதியில் வெள்ளம் நின்றால் மட்டும்.

ஒரு குழுவைக் கெடுப்பது அறிவிப்பில்லாமல் மூடிய கதவுதான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு, பையையும் தோளில் போட்டுக்கொண்டு, ஓட்டோவுக்குக் காசும் கொடுத்து வந்தவள் பூட்டைப் பார்த்தால் அடுத்த கிழமை வரமாட்டாள். தெரிந்த மற்றத் தாய்மாரிடமும் சொல்லிவிடுவாள். பெரும்பாலும் காரணம் சில்லறைக் காரணம்: சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கும், அவருக்குக் காய்ச்சல். சாவியை இரண்டு வீடுகளில் வையுங்கள், அதில் ஒன்று மண்டபத்துக்கு நடந்து வரும் தூரத்தில் இருக்கட்டும். மூடுவதென்றால் காலை ஏழு மணிக்கு முன் வாட்ஸ்அப்பில் சொல்லிவிட வேண்டும். கிழமைக்கு இரண்டு நாள் தவறாமல் திறக்கும் குழு, ஐந்து நாள் திறப்பதாகச் சொல்லி மூன்று நாள் திறக்கும் குழுவை விட நீண்ட காலம் நிலைக்கும்.

பேரனை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பெண்கள் மட்டும் இருக்கும் இடத்துக்கு நான் வரலாமா? (ஓய்வு பெற்றவர், பம்பலப்பிட்டி)

தாராளமாக வாருங்கள், ஐயா. கதவோரம் நாற்காலி போடுகிறோம். யாரும் வெளியே ஓடிவிடாமல் பார்க்க ஓர் ஆள் எப்போதும் தேவை.

மண்டப வாடகை, விளையாட்டுப் பொருட்கள், மின்கட்டணம் எல்லாவற்றுக்கும் எங்கே போவது? ஊராரிடம் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். (வத்தளை)

பணம் கேட்டால் சுளிப்பார்கள். பொருளும் நேரமும் கேட்டுப் பாருங்கள். தச்சுப் பட்டறையில் எஞ்சும் பலகைத் துண்டுகளை அரத்தாள் போட்டு மழுங்கத் தேய்த்துத் தரச் சொன்னால் மறுக்கமாட்டார்கள். தையற்காரரிடம் வெட்டுத்துணி, பாத்திரக் கடையில் நசுங்கிய மூடிகள், பழைய பன்பாய்கள். பிள்ளைகளுக்கு இவை கடை விளையாட்டுச் சாமானை விடப் பிடிக்கும். பெட்டிபெட்டியாக உடைந்த பொம்மைகளைக் கொண்டுவந்து கொட்டி வீட்டைத் துப்புரவாக்குகிறவர்களும் உண்டு. முகம் கோணாமல் மறுக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

மண்டபம் கோயிலுடையதோ தேவாலயத்துடையதோ சனசமூக நிலையத்துடையதோ, பொறுப்பாளர் வாடகையை விட மின்கட்டணத்துக்குத்தான் அஞ்சுவார், அதுவும் 2022க்குப் பிந்தைய கட்டண உயர்வுகளுக்குப் பிறகு. உங்கள் மின்விசிறிக்கான செலவை மாதாமாதம் கேட்காமலே கொண்டுபோய்க் கொடுங்கள். போகும்போது தரையைக் கூட்டித் துடைத்து, கழிப்பறையையும் கழுவிவிட்டுப் போங்கள். மண்டபம் பறிபோன குழுக்கள் எனக்குத் தெரிந்த வரையில் பணத்தால் போகவில்லை. ஈரமான தரையாலும் சுவரில் கிடந்த கிரேயோன் கோடுகளாலும் போயின.

தாய்மாரிடம் வாங்கும் தொகையை மூடி போட்ட உண்டியலில் போடச் சொல்லுங்கள். யார் எவ்வளவு போட்டார் என்று யாரும் பார்க்கக் கூடாது. இல்லாதவள் வெட்கப்பட்டு நின்றுவிடுவது இப்படித்தான் தடுக்கப்படும்.

நியூசிலாந்தின் வெலிங்டனில் 1941இல், ஆண்கள் போருக்குப் போயிருந்த காலத்தில், பெண்கள் முறைவைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கியதுதான் பின்னர் அந்நாடு முழுதும் ‘பிளேசென்டர்’ என்று பரவியது. முறைவைப்பதுதான் அங்கும் மூலதனம்.

எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் தொடங்க விரும்புகிறோம். யாரிடம் அனுமதி? (வெள்ளவத்தை)

முதலில் குடியிருப்பாளர் கொமிட்டியிடம் எழுத்தில் கேளுங்கள். வாகனம் திரும்பும் இடத்தோடு ஒட்டியிருந்தால் வேண்டவே வேண்டாம். கிராம உத்தியோகத்தருக்கும் அந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். பெற்றோர் கூடவே இருக்கும் வரை இது அயலவர் கூடுவதுதான். பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக அனுமதித்து, கட்டணமும் வாங்கத் தொடங்கினால், தொடங்கும் முன்பே பிரதேச செயலகத்தின் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் போய் விதிகளைக் கேளுங்கள். வெள்ளவத்தைக்காரருக்குத் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகம், கொட்டாஞ்சேனைக்குக் கொழும்பு பிரதேச செயலகம், தெஹிவளைக்குத் தெஹிவளை.

குழுவில் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்கிறார் ஒரு தாய். (கொள்ளுப்பிட்டி)

வீட்டில் எந்த மொழியில் பிள்ளையைக் கொஞ்சுகிறாரோ அந்த மொழியிலேயே இங்கும் பேசட்டும். சிங்கள அயலவரின் பிள்ளை வந்தால் இரண்டு மொழியிலும் பாடுங்கள். இரண்டு வயதுப் பிள்ளையிடம் இலக்கணம் பார்த்து ஆங்கிலம் பேசும் தாய், பேச வந்ததையே மறந்துவிடுகிறாள்.

நோய் தொற்றும் என்று என் மாமி அனுப்பமாட்டேன் என்கிறார். (மட்டக்குளி)

மாமி முழுக்கத் தவறில்லை. தொற்றும். ஆனால் குறைக்கலாம். காய்ச்சல், வாந்தி, வயிற்றோட்டம், கை கால் வாயில் கொப்புளம் இருந்தால் வரக் கூடாது என்பதைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். யாராக இருந்தாலும் விதிவிலக்கு இல்லை. கை கால் வாய் நோய்க் கிருமிக்குக் கைகளில் பூசும் சனிடைசர் போதாது. சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் வேண்டும். பொருட்களைக் கழுவி வெயிலில் காயவையுங்கள், பேணிகளைக் கவிழ்த்து வையுங்கள். மழைநீர் தேங்கிய ஒரு பேணி போதும், டெங்கு நுளம்புக்கு. அந்த நுளம்பு பகலில் கடிப்பது. காலையில் வரும் பிள்ளைக்கு முழுக்கைச் சட்டை போடுங்கள்.

கிளினிக் புத்தகத்தைப் பார்த்து சின்னமுத்து உள்ளிட்ட நோய்களைத் தடுக்கும் 9ஆம் மாத எம்எம்ஆர் ஊசி போடப்பட்டிருக்கிறதா என்று உறுதிப்படுத்துங்கள். இரண்டாவது 3 வயதில்தான் வரும். குழுவுக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஒன்றே போடப்பட்டிருக்கும். 2023இல் சின்னமுத்து நம் நாட்டில் மறுபடி பரவியதை மறக்க வேண்டாம்.

சிற்றுண்டியாக என்ன கொடுக்கலாம்? (வெள்ளவத்தை)

வாழைப்பழம், அவித்த மரவள்ளி, பப்பாளி, இட்லி. கச்சான் வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். ரம்புட்டான் காலத்தில் மட்டும் நான் கடுமையாக இருப்பேன்: யாராவது அன்பாக ஒரு கொத்து கொண்டுவருவார், தோல் உரித்துப் பிள்ளையின் வாயில் அப்படியே வைப்பார். அந்தக் கொட்டை வழுக்கி மூச்சுக்குழாயை அடைத்துவிடும். உரித்து, சதையைக் கொட்டையிலிருந்து அரிந்து எடுத்துத்தான் கொடுக்க வேண்டும். நேரமில்லையென்றால் பை மூடியபடியே வீடு திரும்பட்டும்.

ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு அடைத்து, இருமவும் முடியாவிட்டால், முன்புறம் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து தட்டு, போகாவிட்டால் தொப்புளுக்குச் சற்று மேல் ஐந்து முறை உள்நோக்கி மேலே அழுத்தம், மாறி மாறி. இன்னொருவர் அதே நேரத்தில் 1990ஐ அழைக்கட்டும். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். முறையாகப் பழக்கித் தரும் முதலுதவி வகுப்புக்குக் குழுவில் இருவராவது போய்வர வேண்டும்.

மகனுக்கு இரண்டு வயது. மற்றப் பிள்ளைகள் ‘அம்மா வா’ என்கிறார்கள், இவன் ஒற்றைச் சொல்கூடச் சொல்வதில்லை. குழுவுக்கு வந்தால் சரியாகுமா? (கிராண்ட்பாஸ்)

குழு நல்லது, ஆனால் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள், மகள். இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசத் தொடங்க வேண்டும். இந்தக் கிழமையே கிளினிக்கில் சொல்லி, செவிப்புலனைச் சோதிக்கக் கேளுங்கள். ‘ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசும்’ என்று சொல்லும் உறவினருக்குப் பதில் சொல்லவும் நேரம் செலவழிக்க வேண்டாம்.

எங்கள் குழுவில் இப்போது மூன்று பிள்ளைகள்தான் வருகிறார்கள். நிறுத்திவிடலாமா? (தெஹிவளை)

வைகாசி மழையில் எல்லாக் குழுவும் இளைக்கும். மூவருக்கும் திறவுங்கள், பெரியவர்கள் இருவர் இருந்தால் போதும். நேரத்தையும் நாளையும் மாற்றாதீர்கள். வராதவர்களுக்கு முந்திய இரவு ஒரு செய்தி போடுங்கள், காரணம் கேட்காமல். கிளினிக் நாளில் குடும்பநல உத்தியோகத்தரிடம் ஒரு துண்டுத்தாளைக் கொடுத்து, புதிய தாய்மாரிடம் சொல்லச் சொல்லுங்கள். தாளில் நாள், நேரம், இடம், எந்த பஸ் தரிப்பில் இறங்க வேண்டும் என்பது மட்டும் இருக்கட்டும்.