ஜவ்ஹார், மொகாடா கிராமங்களின் ஜனத்தொகைக் கணக்கு: கேட்டவர்களுக்குப் பதில்

மகாராஷ்டிரத்தில் ஜவ்ஹார், மொகாடா தாலுகாக்களின் மலைப்பக்கப் பழங்குடி ஊர்களுக்கு வார இறுதியில் பாடம் எடுக்கப் போகும் மும்பைத் தமிழ்ப் பிள்ளைகள் சென்சஸ் பற்றிக் கேட்டவை இவை. கேள்விகளைச் சுருக்கி, பெயருக்குப் பதில் கேட்டவர் இருக்கும் இடத்தைப் போட்டுவிட்டேன், கோபிக்க வேண்டாம்.

தாராவி: அக்கா, பால்கர் மாவட்டத்தில் தேடினால் 2011 கணக்கில் நாங்கள் பாடம் எடுக்கப் போகும் ஊரே வரவில்லையே?

வராது தம்பி, பால்கர் தனி மாவட்டம் ஆனதே 1 ஆகஸ்ட் 2014-ல்தான். தானே மாவட்டத்தைத் திறந்து ஜவ்ஹார் தாலுகாவில் பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் நீங்கள் போவது ஊர் அல்ல, பாடா, அதாவது ஊருக்குள் அடங்கிய சிறு குடியிருப்பு. சென்சஸுக்கு வருவாய்க் கிராமம்தான் கணக்கு, அதற்குள் நாலைந்து பாடா அடங்கிப்போகும். பாடாவுக்கு மட்டும் எண்ணிக்கை வேண்டுமானால் அங்கன்வாடி அக்காவின் குடும்பப் பதிவேட்டைப் பார்க்கலாமா என்று கேளுங்கள்.

செம்பூர்: மொத்தம் 412 பேர், படித்தவர்கள் 150. அப்படியென்றால் 36 சதவீதம்தானே?

இல்லை. 0-6 வயதுக் குழந்தைகளைக் கழித்துவிட்டுத்தான் வகுக்க வேண்டும். அவர்கள் 71 பேர் என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 341, எழுத்தறிவு 44 சதவீதம். இதை நாட்டின் 73 சதவீதத்துடன் மட்டும் ஒப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். 2011-ல் பழங்குடியினருக்கு 59, அதிலும் ஆண்களுக்கு 68.5, பெண்களுக்கு 49.4. ஆண், பெண் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள், விஷயமே அங்கேதான் இருக்கிறது.

டோம்பிவிலி: மழைக்காலத்தில் போனால் காத்கரி பழங்குடியினரின் வீடுகள் நிறைய இருக்கின்றன, கணக்கில் குறைவாக இருக்கிறதே, ஏமாற்றா?

ஏமாற்று இல்லை, காலண்டர். தீபாவளி முடிந்ததும் முன்பணம் வாங்கிய காத்கரி குடும்பங்கள் பிள்ளைகுட்டியோடு பிவண்டி, வசாய் பக்கம் செங்கல் சூளைக்குப் போய்விடுவார்கள், மழைக்கு முன்னால்தான் திரும்புவார்கள். 2011 கணக்கெடுப்பு நடந்தது பிப்ரவரி 9 முதல் 28 வரை. அந்த நாட்கள் முழுவதும் ஊரில் இல்லாதவரை அந்த ஊரில் எழுத மாட்டார்கள், இருக்கும் இடத்தில்தான் எழுத வேண்டும். ஆக, பூட்டிய குடிசைக்காரர்கள் சூளை இருக்கும் ஊரின் தொகையில் போய்ச் சேர்வார்கள், அதுவும் எழுதுகிறவர் சூளைக் கொட்டகை வரை நடந்து போயிருந்தால். அடுத்த சென்சஸுக்குக் குறித்த தேதியும் 1 மார்ச் 2027, அதே சூளை சீசன்தான். அப்புறம், வருடத்தில் 6 மாதத்துக்குக் குறைவாக வேலை செய்தவரைத்தான் குறுகிய காலத் தொழிலாளர் என்று போடுகிறார்கள். அந்தக் கட்டத்தில் எண்ணிக்கை பெரிதாக இருந்தால் வேலை தொடர்ந்து கிடைக்கவில்லை என்று அர்த்தம், சோம்பேறிகள் என்று அர்த்தமில்லை (போன மாதம் ஒருவர் அப்படித்தான் எழுதியிருந்தார்).

முலுண்ட்: ஆண் குழந்தைகள் 22, பெண் குழந்தைகள் 14. பெண் சிசுக்கொலை நடக்கிறதா?

அவசரப்படாதீர்கள். ஆயிரத்துக்கு 636 என்று பார்த்தால் பயமாகத்தான் இருக்கும், ஆனால் நாலு குழந்தை இந்தப் பக்கம் மாறிப் பிறந்திருந்தால் 18-க்கு 18. இத்தனை சின்ன ஊரில் விகிதம் போடாதீர்கள், தாலுகா அளவில் பாருங்கள். 2011-ல் எல்லா வயதினரையும் சேர்த்து, நாடு முழுக்கப் பழங்குடியினரிடம் ஆயிரம் ஆண்களுக்கு 990 பெண்கள், மொத்த மக்கள்தொகையில் 943.

சயான்: ஊரில் பழங்குடியினரில் வார்லி இனத்தவர் எத்தனை, கோக்ணா இனத்தவர் எத்தனை? நாங்கள் தமிழ்நாட்டு இருளர், எங்களையும் இங்கே பழங்குடியாக எழுதுவார்களா?

கிராம அட்டவணையில் பழங்குடி மொத்தம் மட்டும்தான் இருக்கும், இனவாரியாக மாவட்ட அளவில்தான் கிடைக்கும். இரண்டாவதுக்குப் பதில், இல்லை. பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, மகாராஷ்டிரப் பட்டியலில் இருளர் கிடையாது. அதனால் தமிழ்நாட்டில் பழங்குடியாக எண்ணப்படுகிற உங்கள் சித்தப்பா, இங்கே குடியிருந்தால் அந்தக் கணக்கில் வரமாட்டார்.