பெயரில் ஜாஸ், பாட்டில் ரும்பா: ஆப்பிரிக்க இசைத்தட்டு சேகரிப்போர் கேள்விகள்

கேள்வி: ஷாத்தோ ரூஜ் பக்கம் ஒரு பழைய கடையில் 'பெம்பெயா ஜாஸ்' குழுவின் எல்.பி. இசைத்தட்டு ஒன்று வாங்கினேன். போட்டுக் கேட்டால் ஜாஸே இல்லை, முழுக்கக் கிடாரும் பாட்டும்தான். ஏமாந்துவிட்டேனா? (வாசகர், லா ஷப்பெல், பாரிஸ்)

ஏமாறவில்லை, நல்ல தட்டைத்தான் வாங்கியிருக்கிறீர்கள். அந்தக் காலத்து மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் கிடார், சாக்ஸபோன், டிரம்ஸ் வைத்து வாசிக்கும் நடனக்குழு தன் பெயரில் 'ஜாஸ்' என்று சேர்த்துக்கொள்வது வழக்கம். காங்கோவில் ஜோசப் கபசேலேயின் குழுவுக்குப் பெயர் 'ஆஃப்ரிக்கன் ஜாஸ்'. 1956இல் தொடங்கிய ஃபிராங்கோவின் குழு 'ஓ.கே. ஜாஸ்'. இரண்டும் வாசித்தது கியூபத் தட்டுகளைக் கேட்டு வளர்ந்த நடன இசையான ரும்பா. உங்கள் பெம்பெயா ஜாஸ், கினி நாட்டின் பெய்லா ஊரில் 1961இல் உருவாகி, பிறகு தேசிய இசைக்குழுவானது. தட்டின் லேபிளில் 'சிலிஃபோன்' என்று இருக்கிறதா பாருங்கள். அது கினி அரசே நடத்திய நிறுவனம். 'சிலி' என்றால் அங்கே யானை.

ஜாஸ் என்றே கேட்க வேண்டுமானால் இரண்டு நாடுகளில் தேடுங்கள். தென்னாப்பிரிக்காவில் டாலர் பிராண்ட் என்ற பெயரில் வாசித்த அப்துல்லா இப்ராஹிமின் 1974ஆம் ஆண்டு 'மானன்பெர்க்'. எத்தியோப்பியாவில் ஜாஸ் இசைக்கலைஞர் முலாட்டு அஸ்தாத்கே. எத்தியோப்பியச் சுரவரிசைகள் ஐந்து சுரங்களில் அமைந்தவை. அவற்றில் 'திஸிதா'வின் ஒரு வகை அப்படியே நம் மோகனம், 'பாதி'யின் ஒரு வகை சுத்த தன்யாசி. கர்நாடக இசை கேட்டுப் பழகிய காது அங்கே சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: 1972 அசல் பதிப்பு என்று ஒருவர் பெரிய விலை சொல்கிறார். மறுபதிப்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகர், கோவை)

முதலில் உறையின் பின்பக்கம் பாருங்கள். பார்கோடு இருந்தால் அது 1972ஆம் ஆண்டுத் தட்டே அல்ல. அடுத்து, கடைசிப் பாட்டு முடியும் இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவில் உள்ள வெற்றுப் பகுதியைச் சாய்ந்த வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அங்கே பொறித்திருக்கும் மேட்ரிக்ஸ் எண் (தட்டை அழுத்தி எடுத்த அச்சின் அடையாள எண்), அசல் பதிப்பின் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். மூன்றாவது, உறையின் சின்ன எழுத்துகள். பழைய உறையை ஸ்கேன் செய்து அச்சடித்த திருட்டுப் பதிப்பில் அவை ஓரம் கலங்கி, புள்ளி புள்ளியாகத் தெரியும். 180 கிராம் எடையில் கனமாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள்; அது பிற்கால மறுபதிப்புகளின் பழக்கம்.

சில தட்டுகள் உண்மையிலேயே அரியவை. டிரம்பெட் கலைஞர் ஹியூ மசகேலாவும் டாலர் பிராண்டும் வாசித்த 'ஜாஸ் எபிஸில்ஸ்' குழுவின் 1960 எல்.பி. அச்சானது 500 பிரதிகள்தான் என்பார்கள். அதற்காக மறுபதிப்பைக் கேவலமாக நினைக்க வேண்டாம். உரிமை பெற்று, நல்ல டேப்பிலிருந்து எடுத்த மறுபதிப்பு, தேய்ந்த அசலைவிட நன்றாகப் பாடும். கலைஞர் குடும்பத்துக்கும் பணம் போகும்.

கேள்வி: லாகோஸிலிருந்து வந்த எல்.பி.யில் செந்தூசியும் பூஞ்சையும். எப்படிக் கழுவுவது? (வாசகர், திருச்சி)

உலர்ந்த துணியால் துடைத்துவிடாதீர்கள். சகாராவிலிருந்து வரும் ஹர்மத்தான் காற்றின் தூசியில் நுண்மணல் உண்டு. துடைத்தால் அது உப்புத்தாள்போல், ஊசி ஓடும் வரிகளைக் கீறும்.

முதலில் லேபிளை நனையாதபடி மூடிக்கொண்டு, டிஸ்டில்டு வாட்டரை மெல்ல ஊற்றி மணலை ஓடவிடுங்கள். அப்போது தேய்க்கவே கூடாது. பிறகு 800 மி.லி. டிஸ்டில்டு வாட்டர், 200 மி.லி. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், வாசனையில்லாத பாத்திர சோப்புநீர் இரண்டே சொட்டு கலந்து தட்டின்மேல் பரப்பி, இரண்டு நிமிடம் ஊறவிடுங்கள். மெல்லிய பிரஷ்ஷால் வரிகள் ஓடும் திசையிலேயே சுற்றிச் சுற்றித் தேய்த்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரால் இரண்டு முறை அலசுங்கள். இரண்டாவது அலசலை விட்டுவிட்டால் சோப்பு காய்ந்து ஊசியில் வெள்ளையாகச் சேரும். தட்டை நிமிர்த்தி நிறுத்திக் காயவையுங்கள். குழாய்த் தண்ணீரும் கேன் தண்ணீரும் வேண்டாம். காய்ந்த பின் உப்பு வரிகளுக்குள் தங்கி 'டிக் டிக்' என்று கேட்கும். பழைய உள் காகித உறையைத் தூக்கிப் போடுங்கள், பூஞ்சை விதை அதில்தான் இருக்கிறது. ஆல்கஹால் பற்றிக்கொள்ளும், அடுப்பு பக்கம் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கழுவிய பிறகும் டிரம்பெட் உச்சிக்குப் போகும் இடங்களில் மட்டும் 'கர்ர்' என்று கேட்டால் அது அழுக்கு இல்லை. ஊசி மாட்டும் கனமான பிக்கப்பும் தேய்ந்த ஊசியும் மணலோடு சேர்ந்து வரியின் சுவரை அரைத்திருக்கின்றன. அதை எந்தத் திரவமும் சரிசெய்யாது. ஆனால் வேறு அளவு ஊசி, சுவரில் தேயாத உயரத்தில் பதிந்து ஓடக்கூடும். ஸ்டீரியோ ஊசியின் முனை சுமார் 18 மைக்ரான் என்றால், மோனோ (ஒரே ஒலித்தடம் உள்ள) தட்டுக்கான உருண்டை முனை 25 மைக்ரான். மோனோ தட்டுகளுக்கு ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தானையும் அழுத்துங்கள், இரைச்சலில் ஒரு பங்கு அப்போதே போய்விடும்.

கேள்வி: வீட்டுப் பரணில் எச்.எம்.வி. நிறுவனத்தின் பழைய 78 சுற்று கிராமபோன் தட்டு ஒன்று கிடைத்தது. லேபிளில் 'ஸ்வாஹிலி' என்று இருக்கிறது. இங்கே எப்படி வந்தது? (வாசகர், சென்னை)

வரக்கூடியதுதான். 1928இல் சான்சிபார் பாடகி சித்தி பிந்தி சாத் தன் குழுவோடு கப்பலேறி பம்பாய்க்கு வந்து, எச்.எம்.வி.க்காக 'தாரப்' என்னும் ஸ்வாஹிலிக் கடற்கரைப் பாடல்களைப் பதிவு செய்தார். உங்கள் தட்டில் இருப்பது யார் குரல் என்பதை லேபிளில் உள்ள பெயரும் எண்ணும்தான் சொல்லும். இரண்டையும் படம் எடுத்து வையுங்கள்.

மேலே சொன்ன கலவை இதற்கு ஆகவே ஆகாது. 78 தட்டு அரக்கில் செய்தது, ஆல்கஹாலில் அரக்கு கரையும். டிஸ்டில்டு வாட்டரும் ஒரு சொட்டு சோப்பும் போதும், ஊறவைக்காமல் உடனே துடைத்துவிடுங்கள். இரும்பு ஊசி கிராமபோனில் போடாதீர்கள், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அரைபடும். 75 மைக்ரான் ஊசியும் 3 முதல் 5 கிராம் அழுத்தமும் சரி. எல்.பி. ஊசி வரியின் அடியில் கிடக்கும் குப்பையில் ஓடி இரைச்சலையே எடுத்துக் கொடுக்கும்.

கேள்வி: இணையத்தில் 'வி.ஜி. பிளஸ்' என்று வாங்கிய நைரோபி 45 சிறுதட்டு ஒன்று பொரிகிறதே? (வாசகர், ஈரோடு)

'வி.ஜி. பிளஸ்' ('வெரி குட் பிளஸ்') என்பது கண்ணால் பார்த்துப் போட்ட தரம். ஆப்பிரிக்கத் தட்டுக்குக் காதால் போட்ட தரத்தைக் கேளுங்கள். ஆரம்பத்தில் அரை நிமிடம், லேபிளை ஒட்டிய கடைசி அரை நிமிடம் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். சுற்று சிறுத்துப்போகும் அந்த உள்வட்டத்தில்தான் தேய்மானம் முதலில் கேட்கும். கென்யாவின் கிடார் நடன இசையான பெங்கா 45களில் ஒரே பாட்டை இரண்டாக வெட்டி இரு பக்கமும் போட்டிருப்பார்கள். அதனால் பி பக்கத்தின் பதிவும் வேண்டும். அனுப்பும்போது தட்டை உறைக்கு வெளியே தனியாக வைத்துக் கட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வழியில் அது உறையின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு வந்து சேரும்.