ஊழி வந்தால் என்ன செய்வீர்கள்? முதலில் நான்காம் மாடிக்குத் தண்ணீர் தூக்குவேன்

கேள்வி இதுதான்: "ஊழி வந்தால் உயிர் பிழைக்க நீங்கள் என்ன தயார் செய்து வைத்திருக்கிறீர்கள்? படத்திலும் கதையிலும் காட்டும் வழிகள் நிஜத்தில் எடுபடுமா?"

என்னிடம் ஒரு பை இருந்தது. உலகம் அழிகிற படங்களாகப் பார்த்துத் தள்ளிய வயதில் கட்டி வைத்தது. மடக்குக் கத்தி, நைலான் கயிறு, திசைகாட்டி, மழையிலும் பொறி தட்டும் தீக்கோல், சின்னதாக ஒரு கோடரி. கோடரி யாரை வெட்ட என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. ஏழெட்டு வருடம் கட்டிலுக்கடியில் தூசி தின்றுகொண்டு கிடந்தது.

அதைத் திறக்கும் நாளும் வந்தது. ஒரு புயலுக்குப் பிறகு எங்கள் குடியிருப்பில் ஒன்பது நாள் மின்சாரம் இல்லை. நிஜமான பேரழிவைப் பார்த்தவர்களிடம் இதை ஊழி என்று சொன்னால் சிரிப்பார்கள். ஒரு ஒத்திகை என்று வைத்துக்கொள்ளுங்கள். பையில் இருந்தவற்றில் கயிறு மட்டும் பயன்பட்டது, அதுவும் துணி காயப்போட. திசைகாட்டி வடக்கைச் சரியாகவே காட்டியது. எனக்கு வேண்டியிருந்தது தண்ணீர். மோட்டார் ஓடவில்லை, வீடு நான்காம் மாடி. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை என்று பள்ளியில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்; கைக்கொரு வாளியோடு படியேறியபோதுதான் அந்த மார்க்குக்கு அர்த்தம் தெரிந்தது. அப்படித் தூக்கி வந்ததில் அரை வாளி ஒரே தடவையில் கழிப்பறைக்குள் போய்விடும்.

உலகம் அழிந்த எந்தப் படத்திலாவது நாயகன் கழிப்பறைக்குத் தண்ணீர் சுமந்து பார்த்திருக்கிறீர்களா? எனக்குக் கதைகளின் மேல் இருக்கும் முதல் புகார் இதுதான். ஹெய்ட்டியில் 2010 ஜனவரியில் நிலநடுக்கம் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில், கழிவு கலந்த ஆற்று நீர் வழியாகக் காலரா கிளம்பிப் பல ஆயிரம் பேரைக் கொன்றது. இடிந்து விழுவது சில நிமிடம். குடிநீரும் கழிவும் ஒன்றாகிப்போவது வருடக்கணக்கில் இழுக்கும்.

இரண்டாவது புகார் பெட்ரோல். எல்லாம் அழிந்து பத்து வருடம் ஆகியிருக்கும், ஆனால் கைவிடப்பட்ட கார் ஒரே திருகில் கிளம்பிவிடும். சேமித்து வைத்த பெட்ரோல் சில மாதங்களிலேயே கெட ஆரம்பிக்கும். எளிதில் ஆவியாகும் பகுதி போய்விடும், மிச்சம் பிசினாகி எஞ்சினை அடைக்கும். பத்து வருடம் கழித்து ஓடக்கூடியது சைக்கிள்தான், அதற்கும் டயர் கிடைத்தால். மூக்குக் கண்ணாடி உடைந்தவர்கள், பல்வலிக்காரர்கள், பிரசவ வலியில் இருப்பவர்கள் எல்லாம் இந்தக் கதைகளில் முதல் காட்சியிலேயே காணாமல் போய்விடுவார்கள். மிஞ்சுகிறவர்களுக்குப் பார்வையும் பல்லும் அவ்வளவு நேர்த்தி.

இருந்தும் இந்தக் கதைகளை நாம் ஏன் இப்படி விழுந்து விழுந்து பார்க்கிறோம்? என் ஊகம் ஒன்று உண்டு. அவை உலகத்தைக் காலி செய்து தருகின்றன. கடன் இல்லை, மேலதிகாரி இல்லை, பதில் எழுத வேண்டிய மின்னஞ்சல் இல்லை. வெறிச்சோடிய தெருவில் நானும் என் பையும். பயம் என்று பேர் வைத்துக்கொண்டாலும் பாதி அதில் விடுமுறை ஆசை.

எல்லாக் கதைகளையும் அப்படித் தள்ளிவிடவும் முடியாது. 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்து, கந்தகத் துகள்கள் வானத்தில் பரவி வெயிலை மங்கச் செய்தன. அடுத்த ஆண்டு ஐரோப்பாவின் பல பகுதிகளுக்குக் கோடை என்ற ஒன்றே வரவில்லை, விளைச்சல் பொய்த்துப் பஞ்சம் வந்தது. அந்த மழைக்காலக் கோடையில் ஜெனீவா ஏரிக்கரையில் ஒரு வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த ஆங்கில எழுத்தாளர் மேரி ஷெல்லிக்கு அப்போது வயது 18. அவருடைய ஃபிராங்கன்ஸ்டைன் நாவல் அங்கே பிறந்ததைப் பலரும் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது அவர் 1826-இல் வெளியிட்ட 'கடைசி மனிதன்' நாவலை. கொள்ளை நோயில் மனித குலமே போய் ஒரே ஒருவன் மிஞ்சுகிறான். அதை எழுதும் முன்பே அவர் மூன்று குழந்தைகளைப் பறிகொடுத்திருந்தார், கணவர் கடலில் மூழ்கி இறந்திருந்தார். ஊழியைக் கற்பனை செய்ய அவருக்கு எரிமலை எதுவும் தேவைப்பட்டிருக்காது. அந்த நாவலில் கோடரி வைத்துப் பிழைக்கும் வித்தை எதுவும் கிடையாது. எல்லோரும் போன பிறகு ஒருவன் எதற்காக இருக்க வேண்டும் என்பதுதான் அதன் பேச்சு.

நிஜத்தில் பேரழிவு தெருவைக் காலி செய்வதில்லை. வாசலில் ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. அந்த ஒன்பது நாளில் நான் பேசிய பக்கத்து வீட்டுக்காரர்களின் எண்ணிக்கை அதற்கு முந்தைய ஆறு வருடங்களைவிட அதிகம். (பெயர் கேட்கவே கூச்சமாக இருந்தது, ஆறு வருடம் சிரித்துவிட்டு நகர்ந்த முகத்திடம் எப்படிக் கேட்பது?) கடையை உடைப்பார்கள், ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்வார்கள் என்று படம் சொல்லித் தந்ததை நானும் எதிர்பார்த்தேன். அமெரிக்கச் சமூகவியலாளர் குவாரன்டெல்லி பல பத்தாண்டுகள் பேரிடர்களை ஆராய்ந்து சொன்னது வேறு: வெறிபிடித்து ஓடும் கூட்டம் அபூர்வம், பெரும்பாலோர் பக்கத்தில் இருப்பவருக்குக் கை கொடுக்கிறார்கள். 1995-இல் ஜப்பானின் கோபே நிலநடுக்கத்தில் இடிபாட்டிலிருந்து உயிரோடு எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை எடுத்தது சீருடைக்காரர்கள் அல்ல, வீட்டாரும் அக்கம்பக்கமும்தான். மீட்புப் படை வந்து சேரும் முன் கடப்பாரையோடு அங்கே நின்றது அவர்கள்.

எங்கள் படிக்கட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இரண்டாம் மாடியில் ஒரு பாட்டி இன்சுலின் போட்டுக்கொள்பவர். ஃபிரிட்ஜ் நின்று மூன்றாம் நாள்தான் எனக்கு அது தெரியவந்தது. எங்கெங்கோ அலைந்து ஒரு பெட்டி ஐஸ் பிடித்து, வெற்றி வீரனாக வந்து, மருந்துக் குப்பியை நேராக ஐஸ் மேல் வைக்கப் போனேன். மூன்றாம் மாடியில் இருந்த ஓய்வுபெற்ற நர்ஸம்மா என் கையைத் தட்டிவிட்டார். "ஐயோ தம்பி, ஐஸ் மேல வைக்காதீங்க. உறைஞ்சுதுன்னா அது மருந்தே இல்ல, வெறும் தண்ணி." ஒரு மண்பானைக்குள் இன்னொரு சின்னப் பானை, நடுவில் ஈர மணல், மேலே ஈரத்துணி. அவ்வளவுதான் அவர் செய்தது. ஈரம் ஆவியாகும்போது உள்ளே குளிரும். பிரித்துப் பயன்படுத்தும் குப்பி சாதாரண அறை வெப்பத்திலேயே நாலு வாரம் வரை தாங்கும் என்றும் சொன்னார். என் தீக்கோலை அவரிடம் காட்டவே இல்லை.

அதற்குப் பிறகுதான் இவா சாக்ஸல் பற்றி வாசித்தேன். நாஜிகளுக்குத் தப்பி செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து ஷாங்காய் வந்த பெண், சர்க்கரை நோயாளி. 1941 இறுதியில் ஜப்பானியப் படை நகரை முழுமையாகப் பிடித்தபின் இன்சுலின் வரத்து நின்றது. அவரும் கணவரும் மருத்துவர்கள் அல்ல. ஒரு மருத்துவப் பாடநூலில் இருந்த செய்முறை, ஒரு சீன வேதியியலாளர் இடம் கொடுத்த ஆய்வுக்கூடம், எருமையின் கணையம். இவற்றை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் முட்டி மோதி, முயல்களுக்குப் போட்டுப் பார்த்து, பழுப்பு நிறத்தில் ஒரு இன்சுலினைக் காய்ச்சி எடுத்தார்கள். முதலில் இவா தனக்கே போட்டுக்கொண்டார். பிறகு அங்கிருந்த மற்ற நோயாளிகளுக்கும் போனது. பிழைக்கும் கதை ஒன்றைத்தான் படமாக எடுக்க வேண்டும் என்றால் நான் இதை எடுக்கச் சொல்வேன். ஒரு துப்பாக்கி வெடிக்காது.

1971 வங்கதேச விடுதலைப் போரின்போது மேற்கு வங்கத்தில் எல்லையோரப் பன்காவ் அகதிகள் முகாமில் நடந்ததும் இதே ரகம். காலரா, தரையெல்லாம் நோயாளிகள், நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை டிரம்மில் வைத்து, சொந்தக்காரர்களையே கப்பில் பிடித்துக் குடிக்கக் கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவு நான்குக்கும் கீழே வந்தது. வீட்டில் செய்யும் அளவு: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இந்தப் பதிலில் வேறெதையும் மறந்தாலும் இந்த வரியை எங்கேயாவது எழுதி வையுங்கள், செல்போனில் வேண்டாம்.

தண்ணீரைச் சுத்தம் செய்ய ஒரு நிமிடம் கொதிக்கவிட்டாலே போதும், உயரமான மலைப்பகுதி என்றால் மூன்று நிமிடம். எரிபொருள் இல்லையென்றால், கலங்கல் இல்லாத நீரைத் தெளிவான பிளாஸ்டிக் பாட்டிலில் நிரப்பி ஆறு மணி நேரம் நல்ல வெயிலில் கிடத்துங்கள், மேகமூட்டம் என்றால் இரண்டு நாள். அணுகுண்டைப் பற்றியும் கேட்பீர்கள். வெடித்தவுடன் காரை எடுத்துக்கொண்டு ஓடுவதுதான் படத்து வழக்கம், அதுதான் ஆபத்தும். விழும் தூசியின் கதிர்வீச்சு, நேரம் ஏழு மடங்காகும்போது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. முதல் மணியில் நூறு என்றால் ஏழாம் மணியில் பத்து, இரண்டு நாளில் ஒன்று. ஆக, கனமான சுவர்களுக்கு நடுவே ஒரு நாளாவது உள்ளேயே இருந்துவிட வேண்டும். பொறுமையாக உட்கார்ந்திருக்கும் நாயகனை வைத்துப் படம் ஓட்ட முடியாதுதான்.

ஜோம்பி வந்தால்? 2011-இல் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமே ஜோம்பிகளுக்குத் தயாராவது எப்படி என்று வேடிக்கையாக ஒரு வழிகாட்டி வெளியிட்டது. படித்துப் பார்த்தால் தண்ணீர், உணவு, மருந்து, ஆவணங்கள், வீட்டார் சந்திக்கும் இடம் என்று புயலுக்குச் சொல்லும் அதே பட்டியல்.

பிழைப்பது என்ற சொல்லோடு எனக்கு ஒட்டாமல் நிற்கும் ஒரு சம்பவம் உண்டு. 1941 செப்டம்பரில் சோவியத் நகரமான லெனின்கிராடை ஜெர்மன் படை சூழ்ந்துகொண்டது, அந்த முற்றுகை 872 நாள் நீடித்தது. நகரம் பசியில் செத்துக்கொண்டிருந்தது. அங்கே ஒரு தாவர ஆய்வு நிறுவனத்தில், தாவர விஞ்ஞானி நிகோலாய் வவிலோவ் உலகம் முழுக்கச் சுற்றிச் சேர்த்த விதைகள் இருந்தன: நெல், கோதுமை, பயறு, கடலை. அவற்றைக் காத்த விஞ்ஞானிகளில் பலர் அந்தத் தானிய மூட்டைகளின் நடுவிலேயே பட்டினியால் இறந்தார்கள். வவிலோவும் 1943-இல் ஸ்டாலினின் சிறையில் இறந்தார். விதைகள் மிஞ்சின. எனக்கு அந்த இடத்தில் என்ன தோன்றியிருக்கும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஒரு பிடி அள்ளி வாயில் போட்டிருப்பேன். அதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

பை இப்போதும் இருக்கிறது. உள்ளே மடித்த தண்ணீர்க் கேன், டார்ச், கையால் சுற்றி ஓட்டும் ரேடியோ, ஒரு மாத மாத்திரை, பழைய மூக்குக் கண்ணாடி, ஆவண நகல்கள். கூடவே ஒரு தாள்: எந்த மாடியில் யார், யாருக்கு என்ன மருந்து, யாரால் படி இறங்க முடியாது. பாட்டியின் பெயருக்கு நேரே 'ஐஸ் வேண்டாம்' என்று எழுதியிருக்கிறது, நர்ஸம்மாவின் கையெழுத்தில். மடக்குக் கத்தி சமையலறையில் காய் நறுக்குகிறது. கோடரியைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை, வேண்டியவர்கள் சொல்லுங்கள்.