ஸ்டார் கொடுத்தும் கை தூக்காத பிள்ளைகள்

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். சரியாகப் பதில் சொன்னால் ஸ்டார், மாதக் கடைசியில் அதிக ஸ்டார் வாங்கியவருக்குப் பேனா என்று ஆரம்பித்தேன். முதலில் எல்லாரும் கை தூக்கினார்கள். இப்போது அதே நாலைந்து பேர்தான். மற்றவர்கள், "பரிசு உண்டா மிஸ்?" என்று கேட்பதோடு சரி. இவர்களுக்கு ஆர்வம் வரவழைப்பது எப்படி?

பதில்: ஆர்வமே இல்லாத பிள்ளைகள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், டீச்சர். ஆரம்பத்தில் எல்லாரும்தானே கை தூக்கினார்கள்? பேனா யாருக்குப் போகும் என்பது இப்போது வகுப்புக்கே தெரிந்துவிட்டது. தோற்பது உறுதி என்று தெரிந்த போட்டியில் பெரியவர்களே இறங்கமாட்டோம்.

பரிசுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1973-இல் அமெரிக்காவில் உளவியலாளர் மார்க் லெப்பரும் அவருடைய சகாக்களும், ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலைகளில் சிலரிடம் மட்டும், "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஓரிரு வாரம் கழித்து, பரிசுப் பேச்சில்லாமல் பேனாக்களை வைத்தபோது, அந்தப் பிள்ளைகள் வரைந்த நேரம் மற்றவர்களைவிடச் சுமார் பாதிதான். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களுக்கு ஆசை குறையவில்லை. வாய்ப்பாடு மனப்பாடம் மாதிரி அலுப்பான வேலைக்குச் சின்னப் பரிசு வைப்பதில் பெரிய கெடுதல் இல்லை. யோசித்துப் போடவேண்டிய கணக்குக்கு வைக்காதீர்கள்.

உங்கள் வகுப்புக்கு முதலில் வேண்டியது, "எனக்கும் வரும்" என்ற நம்பிக்கை. அது நோட்டு திருத்தும்போதுதான் பிறக்கிறது. 1/2 + 1/3 = 2/5 என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தால் சிவப்பு மையில் தப்புப் போட்டு நகராதீர்கள். "1/2-ஓடு இன்னும் கொஞ்சம் சேர்த்தாய். விடை 1/2-ஐவிடக் குறைந்திருக்கிறதே, எப்படி?" என்று எழுதுங்கள். அந்தப் பிள்ளை வட்டம் போட்டுப் பார்க்கும், பக்கத்தில் கேட்கும், தானே திருத்தும். அந்த நிமிடத்தில் அதற்குக் கிடைப்பதை எந்தப் பேனாவாலும் தரமுடியாது.

கூடவே மதிப்பெண் போடாதீர்கள். 1988-இல் ரூத் பட்லர் என்ற உளவியலாளர், இஸ்ரேலில் ஐந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஆராய்ந்தார். குறிப்பு மட்டும் பெற்றவர்களுக்கு ஆர்வமும் கூடியது, வேலையும் மேம்பட்டது. குறிப்போடு மதிப்பெண்ணும் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. மதிப்பெண்ணால் ஆர்வம் குன்றியவர்கள் பின்தங்கிய பிள்ளைகள்தான். தேர்வுத்தாளுக்கு மதிப்பெண் இருக்கட்டும், அன்றாட நோட்டுக்கு எதற்கு?

கை தூக்கச் சொல்வதையும் கொஞ்ச நாள் நிறுத்திவையுங்கள். கேள்வி கேட்டதும் எல்லாரும் நோட்டில் எழுதட்டும், பக்கத்துப் பிள்ளையோடு ஒப்பிடட்டும், பிறகு நீங்களே பெயர் சொல்லிக் கேளுங்கள். பயிற்சியில் எந்த மூன்று கணக்கு என்பதை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்.

ஸ்டார் அட்டையை நாளைக்கே கழற்ற வேண்டாம். சொன்னபடி இந்த மாதப் பேனாவைக் கொடுத்து முடியுங்கள். அப்புறம் சில வாரம் வகுப்பு மந்தமாகத் தெரியும். அதைப் பார்த்துப் பயந்து ஸ்டாரைத் திரும்பக் கொண்டுவந்துவிடாதீர்கள்.