ஆன்சன் வெற்றிக்குப் பின் ஜெயரத்தினத்திற்கு என்ன ஆயிற்று?

1981-இல் சிங்கப்பூரின் ஆன்சன் தொகுதியில் வென்ற, எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சியின் ஜே. பி. ஜெயரத்தினம் ஏன் நாடாளுமன்றத்தில் நிலைக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வெற்றிக்கு முன்பே அவர் ஐந்து முறை தோற்றிருந்தார் என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை.

தேவன் நாயர் அதிபரானதால் காலியான ஆன்சனில், 653 வாக்கு வித்தியாசத்தில் அவர் வென்றபோது, 1968 முதல் ஒவ்வொரு பொதுத்தேர்தலிலும் எல்லா இடங்களையும் வென்றுவந்த ஆளுங்கட்சியான மக்கள் செயல் கட்சியின் முற்றுரிமை முறிந்தது. துறைமுகத் தொழிலாளர் குடியிருப்புகளைக் காலி செய்யவேண்டி வந்த மனக்குறையும் அதற்கு ஒரு காரணம்.

1984-இல் மீண்டும் வென்றவர், பாட்டாளிக் கட்சியின் கணக்குகள் குறித்த வழக்கில் 1986-இல் சிறைத் தண்டனையும் அபராதமும் பெற்றுப் பதவியை இழந்தார். வழக்கறிஞர் பட்டியலிலிருந்தும் அவர் பெயர் நீக்கப்பட்டது. அப்போது சிங்கப்பூருக்கு உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1988-இல், அவருக்குக் கடும் அநீதி இழைக்கப்பட்டதாகக் கூறி, அந்த நீக்கத்தை ரத்து செய்தது. ஆனால் குற்றத்தீர்ப்பு அதன் முன் மேல்முறையீடாக வரவில்லை என்பதால், தொழில் திரும்பியதே தவிர நாடாளுமன்ற இருக்கை திரும்பவில்லை. (ஆன்சன் தொகுதியே அவ்வாண்டு வரைபடத்திலிருந்து மறைந்தது.)

1997-இல் செங் சான் குழுத்தொகுதியில் (பல வேட்பாளர்கள் ஓர் அணியாகப் போட்டியிடும் தொகுதி) தோற்றாலும், தொகுதியில்லா உறுப்பினராக (தோற்ற எதிர்க்கட்சியினரில் அதிக வாக்கு பெற்றவர்களுக்குத் தரப்படும் இடம்) அவர் நாடாளுமன்றத்திற்குத் திரும்பினார். அவதூறு வழக்குகளில் விதிக்கப்பட்ட இழப்பீட்டைச் செலுத்த இயலாமல் நொடித்துப்போனவராக அறிவிக்கப்பட்டதால், 2001-இல் அதையும் இழந்தார். 2008-இல், 82 வயதில், சீர்திருத்தக் கட்சியைத் தொடங்கிய சில மாதங்களில் காலமானார்.