கடிதம் இருந்தால் நாய் விமானம் ஏறலாமா?

வாசகர் கேள்வி – பதில்

விமானத்திலும் பொது இடங்களிலும் விலங்குகளை அழைத்துப்போவது பற்றி அமெரிக்காவில் வசிக்கும் வாசகர்கள் கேட்டவை இந்த முறை. அங்கே எமோஷனல் சப்போர்ட் அனிமல் என்று சொல்வதை மனத்துணை விலங்கு என்றும், சர்வீஸ் டாக் என்பதைச் சேவை நாய் என்றும் எழுதியிருக்கிறோம்.

என் மகளுக்குப் பதற்றக் கோளாறு இருக்கிறது. மனத்துணை விலங்காக நாய் வைத்துக்கொள்ளச் சொல்லி மனநல மருத்துவர் கடிதம் கொடுத்திருக்கிறார். 2019-இல் என் தோழி இதே மாதிரி கடிதத்தைக் காட்டித்தான் தன் நாயைக் காசில்லாமல் கூட்டிப்போனாள். இப்போது விமான நிறுவனம் மறுக்கிறது. மறுக்க முடியுமா?
– வாசகி, டெக்சாஸ்

முடியும். உங்கள் தோழி போன காலத்துச் சட்டம் வேறு. 1986-இல் வந்த விமானப் பயண அணுகல் சட்டத்தின் கீழ் மனத்துணை விலங்குகளும் சேவை விலங்குகளாகவே கணக்கில் வந்தன. போக்குவரத்துத் துறை விதியை மாற்றி எழுதியது. அது 2021 ஜனவரி 11 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி சேவை விலங்கு என்றால் நாய் மட்டும்தான். அந்த நாயும் ஒருவருடைய குறைபாட்டுக்கு உதவும் குறிப்பிட்ட வேலையைச் செய்யப் பழக்கப்பட்டிருக்க வேண்டும். மனத்துணை விலங்கை வீட்டுச் செல்லப்பிராணியாக நடத்தலாம், கட்டணம் வாங்கலாம், அளவு பெரிதென்றால் மறுக்கவும் செய்யலாம்.

மாற்றத்துக்குக் காரணம் உண்டு. 2018 ஜனவரியில் நியூவார்க் விமான நிலையத்தில் ஒருவர் மயிலோடு வந்து நின்றார். அதே ஆண்டு அக்டோபரில் ஆர்லாண்டோவில் ஒரு பயணியோடு மனத்துணை அணில் ஒன்று விமானம் ஏறிவிட்டது, அதை இறக்க எல்லாப் பயணிகளையும் இறக்க வேண்டியிருந்தது. சிரிப்பதற்கு இவை போதும், ஆனால் விதியை மாற்ற வைத்ததில் நாய்க்கடிகளுக்கும் பங்கு உண்டு. 2017-இல் அட்லாண்டாவிலிருந்து கிளம்பவிருந்த ஒரு விமானத்தில், ஜன்னலோர இருக்கையில் இருந்த பயணியை அடுத்த இருக்கைக்காரரின் மனத்துணை நாய் முகத்தில் கடித்துக் குதறியது.  கடிதம் இருப்பதாலேயே ஒரு நாய்க்குக் கூட்டத்தில் இருந்து பழக்கம் வந்துவிடாது.

மனநலப் பிரச்சினைக்கென்றே சேவை நாய் உண்டு என்கிறார்களே? அதற்கும் மனத்துணை நாய்க்கும் என்ன வேறுபாடு? இரண்டும் பக்கத்தில் இருந்தால் நிம்மதிதானே?
– வாசகர், கலிஃபோர்னியா

குழப்பம் எல்லாம் இங்கேதான். நாய் பக்கத்தில் இருப்பதாலேயே மனசு ஆறுகிறது என்றால் அது மனத்துணை நாய். பதற்றம் வரப்போவதை உணர்ந்து, அதைத் தடுக்கவோ தணிக்கவோ பழக்கிய ஒரு செயலைச் செய்கிறது என்றால் அது சேவை நாய். நோயின் பெயர் இரண்டிலும் ஒன்றாக இருக்கலாம். நாய் என்ன செய்கிறது என்பதை வைத்துத்தான் முடிவு.

செயல் என்றால் இப்படி: கை நடுங்கத் தொடங்கியதும் மூக்கால் முட்டிக் கவனத்தைத் திருப்புவது; ஆள் உட்கார்ந்ததும் மடிமேல் ஏறி உடல் எடையை அழுத்திப் படுப்பது; கொடுங்கனவில் புரளும்போது விளக்கைப் போட்டு எழுப்புவது; மருந்து வேளையை ஞாபகப்படுத்துவது; கூட்டத்தில் முன்னால் நின்று மற்றவர்கள் நெருங்காமல் இடைவெளி உண்டாக்குவது. இவற்றில் ஒன்றையாவது நம்பகமாகச் செய்தால் அது, பார்வையற்றவரின் வழிகாட்டி நாய்க்குச் சமமான உரிமை பெறுகிறது.

தொழில்முறைப் பயிற்சியாளர்தான் பழக்க வேண்டும் என்பதில்லை, உரிமையாளரே பழக்கலாம். ஆனால் செயலைக் கற்றுக்கொடுப்பது பாதி வேலைதான். தட்டு விழுந்தாலும் குழந்தை வாலைப் பிடித்தாலும் இன்னொரு நாய் குரைத்தாலும் கால்மாட்டில் அசையாமல் படுத்திருக்கப் பழக்குவது மீதிப் பாதி, பெரும்பாலான நாய்கள் தோற்பதும் அதில்தான். வீட்டில் சாதுவாக இருக்கிறதே என்று நம்பிக் கிளம்பக் கூடாது.

சேவை நாய்க்கு விமான நிறுவனம் கேட்கும் படிவத்தில் என்னென்ன இருக்கும்? எப்போது அனுப்ப வேண்டும்?
– வாசகி, இல்லினாய்

போக்குவரத்துத் துறையின் படிவம் ஒன்றுதான். நிறுவனம் சொந்தமாக வேறு மருத்துவக் கடிதம் கேட்க முடியாது. நாயின் விவரம், வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்ட தேதி, அது காலாவதியாகும் தேதி, கால்நடை மருத்துவரின் பெயரும் தொலைபேசி எண்ணும், பழக்கியவரின் பெயர் (நீங்களே பழக்கியிருந்தால் உங்கள் பெயர்), யாரையாவது கடித்திருக்கிறதா என்ற கேள்வி, கடைசியில் உங்கள் கையெழுத்து. தெரிந்தே பொய் எழுதினால் அது கூட்டாட்சிக் குற்றம் என்று படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறது.

புறப்பாட்டுக்கு 48 மணி நேரம் முன்பே கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. அதற்குள் டிக்கெட் எடுத்தவர் பயண நாளில் கொடுக்கலாம். 8 மணி நேரமோ அதற்கு மேலோ பறக்கிற விமானம் என்றால் இரண்டாவது படிவம் ஒன்று சேரும்: நாய் வழியில் கழிவு கழிக்காது, அல்லது சுகாதாரக் கேடு இல்லாமல் கழிக்கும் என்ற உறுதிமொழி. உறிஞ்சு விரிப்பு ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பலர் மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. இடையில் வேறு நிறுவன விமானத்துக்கு மாறினால், இரண்டு நிறுவனத்துக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டியிருக்கும். டிக்கெட் விற்றவருக்கு மட்டும் அனுப்பிவிட்டு இருந்துவிடுகிறார்கள். அடுத்தது, தடுப்பூசிக் காலாவதித் தேதி திரும்பி வரும் நாளுக்கு முன்னால் விழுவது.

நாய் உங்கள் கால் வைக்கும் இடத்துக்குள் அடங்க வேண்டும். கேட்டால் தடுப்புச் சுவருக்குப் பின்னால் உள்ள முதல் வரிசை கொடுத்தாக வேண்டும், ஆனால் பெரிய நாய்க்குப் பல விமானங்களில் சாதாரண வரிசையே வசதி: முன் இருக்கைக்கு அடியில் தலையை நீட்டிக்கொள்ளலாம். அவசரக் கதவு வரிசை கிடையாது. இனத்தைக் காரணம் காட்டி மட்டும் மறுக்க முடியாது. உறுமினால், பாய்ந்தால், நடைவழியில் கழித்தால் மறுக்கலாம்.

உண்மையிலேயே தேவைப்படுகிறவர்களை இந்த விதி தண்டிக்கவில்லையா?
– வாசகர், வாஷிங்டன்

ஓரளவு ஆமாம். பூனையோ முயலோதான் ஒருவருக்கு ஆறுதல் என்றால் கட்டணம் கட்டாமல் அவருக்கு வழியில்லை. ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பழக்கப்படாத நாய் ஒரு வழிகாட்டி நாயின்மேல் பாய்ந்தால், அந்த வழிகாட்டி நாய் அதற்குப் பிறகு மற்ற நாய்களைக் கண்டு மிரண்டு வேலைக்கு லாயக்கில்லாமல் போய்விடக்கூடும். பார்வையற்றவருக்கு அது கண்ணையே பறிகொடுத்த மாதிரி. போதாததற்கு, எஞ்சின் இரைச்சலிலும் காது அடைப்பிலும் பல மணி நேரம் ஒடுங்கிக் கிடப்பது செல்லப்பிராணிக்கும் சுகமில்லை. மொத்தத்தில் விதி சரியான பக்கம்தான் சாய்ந்திருக்கிறது என்பது எங்கள் கருத்து.

பூனையைக் கேபினில் கொண்டுபோக என்ன செய்ய வேண்டும்? தூக்க மருந்து கொடுக்கலாமா?
– வாசகி, ஜார்ஜியா

மருந்தை முதலில் சொல்லிவிடுகிறோம்: நீங்களாகக் கொடுக்கவே கூடாது. மயக்க மருந்து ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், உடம்பை நிலைப்படுத்திக்கொள்ளும் திறனையும் கெடுக்கும். உயரத்தில் மூச்சுக்கும் இதயத்துக்கும் ஆபத்து. மூக்கு சப்பையான இனங்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். பதற்றம் தணிக்க மருந்து வேண்டுமென்றால் கால்நடை மருத்துவர் எழுதித்தர வேண்டும், அதையும் பயணத்துக்குச் சில நாள் முன்பே வீட்டில் ஒரு தடவை கொடுத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு விமானத்தில் இத்தனை செல்லப்பிராணிகள்தான் என்று உச்சவரம்பு உண்டு. அதனால் டிக்கெட் எடுத்த கையோடு பூனைக்கும் இடம் பதியுங்கள். மென்மையான பக்கங்கள் கொண்ட பை வாங்குங்கள். பல அமெரிக்க நிறுவனங்கள் 18 x 11 x 11 அங்குலம் வரை அனுமதிக்கின்றன. பெரும்பாலும் அதையே உங்கள் கைப்பையாகக் கணக்கிடுவார்கள்.

அதிகம் தப்பு நடப்பது பாதுகாப்புச் சோதனையில். பை எக்ஸ்ரேக்குள் போகும், பூனை போகக் கூடாது. கையில் தூக்கிக்கொண்டு நீங்கள் உலோகச் சோதனைச் சட்டகத்தைக் கடக்க வேண்டும். மிரண்ட பூனை கையைப் பிறாண்டிவிட்டுக் குதித்தால் விமான நிலையத்தில் தேடிப்பிடிப்பது லேசில்லை. வீட்டிலேயே மார்புப்பட்டையும் கயிறும் மாட்டிக்கொண்டு வாருங்கள். தனி அறையில் சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம், பையைத் திறப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

என் மகனுக்கு நாய் என்றால் ஒவ்வாமை, மூச்சிரைப்பும் வரும். பக்கத்து இருக்கையில் சேவை நாய் இருந்தால் இறக்கச் சொல்லலாமா?
– வாசகர், ஒஹையோ

சேவை நாயை இறக்கச் சொல்ல முடியாது. மற்றவருடைய ஒவ்வாமை மறுப்பதற்குக் காரணமாகாது. உங்களை முடிந்த அளவு தள்ளி உட்கார வைப்பது அவர்கள் பொறுப்பு. பதியும்போதே தெரிவியுங்கள், நுழைவாயில் ஊழியரிடம் மறுபடி சொல்லுங்கள். எல்லோரும் உட்கார்ந்த பிறகு கேட்டால் இடம் மாற்றுவது கஷ்டம்.

விலங்கே ஏறாத விமானத்திலும் ஒவ்வாமைப் பொருள் இருக்கும். நாய், பூனை வளர்க்கிறவர்களின் துணியில் ஒட்டி வந்து இருக்கைத் துணியில் தங்கிவிடுகிறது. கைப்பிடி, மேசைத் தட்டு, பெல்ட் கொக்கியை ஈரத்துணியால் துடைத்து, இருக்கைமேல் உங்கள் போர்வையை விரியுங்கள். இன்ஹேலர் மேலே சாமான் பெட்டியில் வேண்டாம், காலடிப் பையில் இருக்கட்டும்.

நியூஜெர்ஸியில் உணவகம் நடத்துகிறேன். நாயோடு வருகிறவர்கள் எல்லோரும் சேவை நாய் என்கிறார்கள். அட்டையைக் காட்டச் சொன்னால் வழக்குப் போடுவேன் என்கிறார்கள். என்ன செய்வது?

அட்டை கேட்காதீர்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் கேட்கக்கூடியவை இரண்டே கேள்விகள். குறைபாடு காரணமாக இந்த நாய் தேவைப்படுகிறதா? எந்த வேலையைச் செய்ய இது பழக்கப்பட்டிருக்கிறது? அதற்கு மேல் நோய் என்ன, சான்றிதழ் எங்கே, செய்து காட்டு என்று போகக் கூடாது. வழிகாட்டி நாய் என்று பார்த்தாலே தெரிந்தால் இந்த இரண்டும்கூட வேண்டாம்.

இரண்டாவது கேள்விக்கு 'இருந்தால் எனக்கு ஆறுதல்' என்று மட்டும் பதில் வந்தால் அது மனத்துணை நாய். கூட்டாட்சிச் சட்டப்படி நீங்கள் அனுமதிக்க வேண்டியதில்லை. வேலையைச் சொல்லிவிட்டால் உட்கார வைக்க வேண்டியதுதான். சுகாதார விதியைக் காட்டியோ, பக்கத்து மேசைக்காரருக்குப் பயம் என்றோ மறுக்க முடியாது. எடுத்துப் பரிமாறிக்கொள்ளும் பஃபே வரிசையிலும் நாய் கூட வரலாம். ஆனால் நாற்காலியில் ஏற்றவோ மேசையில் ஊட்டவோ நீங்கள் இடம் தர வேண்டியதில்லை.

ஒரு தடவை குரைத்ததற்காக வெளியேற்றாதீர்கள். திரும்பத் திரும்பக் குரைத்து, உரிமையாளர் அடக்காமல் இருந்தால், அல்லது உள்ளே கழித்தால், நாயை வெளியே கொண்டுபோகச் சொல்லலாம். அப்போதும் ஆளுக்கு, நாய் இல்லாமல் வந்து சாப்பிட வாய்ப்புத் தந்தாக வேண்டும். இந்த ஒன்றை மறந்துதான் பல கடைக்காரர்கள் சிக்கலில் விழுகிறார்கள். இன்னொன்று, பயிற்சியில் இருக்கும் நாயைக் கூட்டாட்சிச் சட்டம் சேர்ப்பதில்லை. உங்கள் மாநிலச் சட்டம் பயிற்சியாளரோடு வரும் நாயையும் பாதுகாக்கிறது. இரண்டு கேள்விகளையும் அச்சடித்துக் கல்லாவில் ஒட்டுங்கள், புதுப் பணியாள் தானாகக் கேள்வி கண்டுபிடிக்க வேண்டியிருக்காது.

இணையத்தில் பதிவு எண், அடையாள அட்டை, மேலங்கி எல்லாம் சேர்த்து விற்கிறார்களே, வாங்கலாமா?
– வாசகி, ஃப்ளோரிடா

காசுக்குக் கேடு. சேவை நாய்க்கோ மனத்துணை விலங்குக்கோ அரசுப் பதிவேடு என்று ஒன்று இல்லை. சேவை நாய் அல்லாததைச் சேவை நாய் என்று காட்டுவது உங்கள் மாநிலம் உட்படப் பல மாநிலங்களில் குற்றமும்கூட. கலிஃபோர்னியாவில் 2022 முதல், மனத்துணை நாய்க்குக் கடிதம் எழுதும் மருத்துவர் குறைந்தது 30 நாளாவது அந்த நபருக்குச் சிகிச்சை அளித்து வந்திருக்க வேண்டும்.

சேவை நாயோடு சென்னை வந்து ஒரு மாதம் தங்கிவிட்டு அமெரிக்கா திரும்ப வேண்டும். எதை முதலில் பார்ப்பது?
– வாசகர், வட கரோலினா

திரும்பி வரும் காகிதத்தை. வெறிநாய்க்கடி அதிகமுள்ள நாடுகளின் அமெரிக்கப் பட்டியலில் இந்தியா இருக்கிறது. சேவை நாய் என்பதால் தடுப்பூசி விதியிலிருந்து விலக்கு இல்லை. 2024 ஆகஸ்ட் 1 முதல், உள்ளே வரும் நாய்க்குக் குறைந்தது 6 மாத வயது, உடலில் மைக்ரோசிப், நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் இறக்குமதிப் படிவ ரசீது மூன்றும் வேண்டும். இதோடு, அமெரிக்காவில் தடுப்பூசி போட்டதற்கான சான்றில் வேளாண் துறையின் ஒப்புதல் முத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். சென்னைக்கு வந்தபிறகு அதை வாங்க முடியாது. அது இல்லாவிட்டால் நாய் வெளிநாட்டில் தடுப்பூசி போட்ட நாயாகக் கணக்காகி, குறிப்பிட்ட சில விமான நிலையங்களில் மட்டுமே இறங்கலாம், ரத்தப் பரிசோதனை முடிவோ 28 நாள் தனிமைப்படுத்தலோ தேவைப்படும். சிப் பொருத்திய பிறகு போட்ட ஊசிதான் செல்லும்; தேதிகள் முன்பின்னாக இருந்தால் ஊசியை மறுபடி போட வேண்டியிருக்கும். இந்தியாவில் இறங்க, விலங்குத் தனிமைப்படுத்தல் துறையின் தடையில்லாச் சான்றுக்குத் தனியே விண்ணப்பியுங்கள்.